வேலை போன பிறகும் பழைய வருமானத்தையே கணக்கில் எடுக்கிறார்கள்: கல்லூரி நிதியுதவியை மறுபரிசீலனை செய்யக் கோருவது எப்படி?

மேப்பிள்தெரு (கேள்வி)

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோரிடமும், நிதியுதவி அலுவலகங்களின் நடைமுறை அறிந்தவர்களிடமும் இக்கேள்வியை முன்வைக்கிறேன். நானும் மனைவியும் கிரீன் கார்டு வைத்திருக்கிறோம். மகன் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மகளுக்கு 2026-27 கல்வியாண்டுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று எங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம், மற்றொன்று வெளிமாநிலத் தனியார் கல்லூரி.

கடந்த அக்டோபரில் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது என் வேலை போய்விட்டது. ஆனால் கூட்டாட்சி நிதியுதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவம் 2024ஆம் ஆண்டு வருமான வரிக் கணக்கையே எடுத்துக்கொண்டதால், அந்த ஆண்டில் நாங்கள் இருவரும் ஈட்டிய 1,72,000 டாலரை வைத்து, குடும்பத்தின் பண வசதியை மதிப்பிடும் எஸ்.ஏ.ஐ. எண் 40,000ஐ ஒட்டி வந்திருக்கிறது. இன்று வீட்டுக்கு வருவது மனைவியின் பள்ளி உதவியாளர் சம்பளமான 36,000 டாலரும், இன்னும் சில வாரங்களில் முடியவிருக்கும் வேலையில்லாக் காலப் படியும் மட்டுமே.

அரசுப் பல்கலைக்கழகம் மகளை வெரிஃபிகேஷனுக்கு, அதாவது படிவ விவரங்களின் சரிபார்ப்புக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கூறிக் குடும்ப விவரப் படிவமும் வரி ஆவணங்களும் கேட்டிருக்கிறது. படிவத்தில் ஏதோ தவறு கண்டுபிடித்துவிட்டார்களோ என்று மனைவி அஞ்சுகிறார். ஊரில் என் பெயரில் ஒரு மனை இருக்கிறது. வங்கியில் சிறிய வைப்புத்தொகையும் உண்டு. ஃபாஃப்சாவில் இவற்றைக் காட்டியிருக்கிறேன், ஆனால் காட்டியது தேவைதானா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தனியார் கல்லூரியோ “மொத்த உதவி 39,000 டாலர்” என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அதில் கடனும் சேர்ந்திருப்பதுபோல் தெரிகிறது. மே 1ஆம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிலைமையை விளக்கி உருக்கமாக ஒரு கடிதம் எழுதினால் போதுமா, அல்லது இதற்கென்று தனி வழிமுறை இருக்கிறதா?

---

ஜன்னலுக்கு_அந்தப்பக்கம்

ஐயா, நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் பணியாற்றியவன். முதலில் உங்கள் மனைவியின் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். வெரிஃபிகேஷனுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது குற்றச்சாட்டு அன்று. படிவங்களில் ஒரு பகுதியைக் கல்வித் துறை ஒவ்வோர் ஆண்டும் சரிபார்ப்புக்கு எடுத்துக்கொள்கிறது. கல்லூரியும் தானாகச் சிலரைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் ஒப்புதல் அளித்து, வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து நேரடியாக வந்த வரி விவரங்கள் பெரும்பாலும் அப்படியே ஏற்கப்படுவதால், மிஞ்சி நிற்பது குடும்பத்தில் எத்தனை பேர் என்பது போன்ற கேள்விகள்தாம். அலுவலகத்தில் தாமதத்துக்குக் காரணமாக நான் கண்டவற்றுள் முதலிடம் பெறுவது மிகச் சிறிய விஷயம்: குடும்ப விவரப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்திட்டிருப்பார்கள், மாணவர் கையெழுத்திட வேண்டிய கோடு வெறுமையாக இருக்கும். அப்படியொரு தாள் வந்தால் அது திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் உண்மையான கோரிக்கைக்கான கதவு வெரிஃபிகேஷன் முடிந்த பிறகுதான் திறக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவரின் வெரிஃபிகேஷன் நிறைவடையாமல் எந்த அலுவலரும் வருமானத்தை மாற்றிக் கணக்கிட முடியாது என்பது விதி. மறுபரிசீலனைக் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு வெரிஃபிகேஷன் தாள்களைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெற்றோர், ஏன் பதில் வரவில்லை என்று தெரியாமலேயே வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

நீங்கள் கேட்ட வழிமுறைக்குப் பெயர் ‘புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்’. உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு இதற்கான அதிகாரத்தைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கு அளிக்கிறது. வேலையிழப்பு, காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு, குடும்பத்தில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் கல்லூரியில் படிப்பது போன்றவற்றைச் சட்டமே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. கடைசியாகச் சொன்னது உங்களுக்கு முக்கியம். 2024-25க்கு முன்பு இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் பெற்றோரின் பங்கை அந்த எண்ணிக்கையால் வகுத்தார்கள். ஃபாஃப்சா எளிமைப்படுத்தலோடு அந்தச் சலுகை சூத்திரத்திலிருந்து நீக்கப்பட்டது. படிவத்தில் இல்லாவிட்டாலும் கடிதத்தில் மகனின் படிப்பைக் குறிப்பிட்டு, அவன் சேர்ந்திருப்பதற்கான சான்றையும் இணைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இங்கே சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபாஃப்சா படிவத்துக்குள் சென்று வருமானத்தை நீங்களே குறைத்து எழுத முடியாது, முயலவும் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக முடிவெடுக்கும். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள் என்பது மற்றோர் இடத்தைக் கட்டுப்படுத்தாது. அலுவலரின் முடிவை எதிர்த்துக் கல்வித் துறையிடம் மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. ஆனால் “நாங்கள் இத்தகைய கோரிக்கைகள் எதையும் ஏற்பதில்லை” என்று ஒரு கல்லூரி பொதுவான கொள்கை வைத்துக்கொள்ளச் சட்டம் இப்போது அனுமதிப்பதில்லை. தொலைபேசியில் யாராவது அப்படிச் சொன்னால், உங்கள் கோரிக்கையைத் தனியாக ஆராய்ந்து எழுத்தில் பதில் தருமாறு பணிவாகக் கேளுங்கள்.

உருக்கமான கடிதம் வேண்டாம். அலுவலருக்கு உங்கள் மீது இரக்கம் இல்லாமலில்லை. ஆனால் இரக்கத்தைக் கோப்பில் வைக்க முடியாது, தாள்களைத்தான் வைக்க முடியும். தணிக்கை வரும்போது ‘இந்தக் குடும்பத்தின் வருமானத்தை ஏன் குறைத்தீர்கள்’ என்ற கேள்விக்கு அவர் காட்ட வேண்டிய பதிலை நீங்களே தயாரித்துக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஒரே பக்கம் போதும். முதல் வரியில் மகளின் பெயரும் கல்லூரி அடையாள எண்ணும் இருக்கட்டும். அடுத்து, எந்தத் தேதியில் வேலை போனது, அதற்கு முன் ஆண்டு வருமானம் எவ்வளவு, 2026ஆம் ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கும் வருமானம் எவ்வளவு என்று எண்களாக எழுதுங்கள்: மனைவியின் சம்பளம் 36,000, இந்த ஆண்டில் கிடைத்த வேலையில்லாக் காலப் படி இவ்வளவு, வட்டி இவ்வளவு, கூட்டுத்தொகை இவ்வளவு. ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக அதை நிரூபிக்கும் தாள் எது என்று குறிப்பிடுங்கள். பல கல்லூரிகள் இதற்கென்று தனிப் படிவமே வைத்திருக்கின்றன. இருந்தால் அதையே நிரப்பிக் கடிதத்தை இணைப்பாகத் தாருங்கள்.

இணைக்க வேண்டியவை: பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லாக் காலப் படிக்கான மாநில அரசின் ஆணை, மனைவியின் அண்மைச் சம்பளச் சீட்டு, 2025ஆம் ஆண்டு வரிக் கணக்கு. கடைசிச் சம்பளச் சீட்டில் ‘ஆண்டுத் தொடக்கம் முதல் இன்றுவரை’ என்ற நிரலைத்தான் அலுவலரின் கண் முதலில் தேடும். உங்களுக்குப் பணிநீக்க ஈட்டுத்தொகை மொத்தமாக வந்திருந்தால் 2025 வருமானம் அவ்வளவாகக் குறைந்ததாகத் தெரியாது. அதனால் 2025ஐ வைத்துக் கணக்கிடக் கேட்டால் உங்களுக்குப் பயன் குறைவு; 2026ஆம் ஆண்டின் எதிர்பார்ப்பு வருமானத்தை எடுத்துக்கொள்ளுமாறு வெளிப்படையாகக் கேளுங்கள். ஈட்டுத்தொகை எந்த மாதத்தோடு தீர்ந்தது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது குறித்துக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். அத்தோடு இன்னும் சில வாரங்கள் போகும்.

ஏற்கப்பட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2024ஆம் ஆண்டின் வறுமைக்கோடு 31,200 டாலர். பெற்றோர் இருவரும் சேர்ந்து வாழும் குடும்பத்தின் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம் அதில் 175 விழுக்காட்டுக்குள், அதாவது 54,600 டாலருக்குள் இருந்தால், திருப்பிச் செலுத்த வேண்டாத கூட்டாட்சி மானியமான பெல் கிராண்டின் உச்ச அளவுக்கான வாய்ப்பு உருவாகிறது. 2025-26இல் அந்த உச்ச அளவு 7,395 டாலர். பல மாநிலங்களின் மானியங்களும் இதே கணக்கையொட்டியே வருகின்றன. ஆனால் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் மானியம் வேறு. அந்தப் பணம் தீர்ந்துபோகக்கூடியது என்பதால் காலம் தாழ்த்த வேண்டாம்.

இன்னொன்று, அலுவலகத்துக்கு எழுதுவதும் அழைப்பதும் மகளாகவே இருக்கட்டும். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தின்படி கல்லூரி மாணவரின் கோப்பு மாணவருக்கே உரியது. அவர் எழுதிக் கொடுத்த இசைவு இல்லாமல் பெற்றோரிடம் விவரம் பேச அலுவலர்கள் தயங்குவார்கள். தந்தை அழைத்து, மகளின் குரலில் யாரோ பேசுவதுபோல் பேச வைத்த விசித்திரங்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். இசைவுப் படிவத்தை முதல் நாளே கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடமெல்லாம் இல்லை.

---

தாமிரபரணிக்கரை

சகோதரர் ஊரில் உள்ள மனையைக் காட்டியது சரியே. அதில் ஐயமே வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டையும், ஓய்வூதியக் கணக்குகளையும் ஃபாஃப்சா கேட்பதில்லை. அது தவிர உங்கள் பெயரில் உள்ள வேறு நிலம், வீடு, வைப்புத்தொகை, பங்கு ஆகியவை எந்த நாட்டில் இருந்தாலும் கணக்கில் வரும். “இந்தியாவில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்” என்று அறிவுரை சொல்பவர்கள், படிவத்தின் முடிவில் கையெழுத்துக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படித்ததில்லை என்று நினைக்கிறேன்: வேண்டுமென்றே பொய்யான தகவல் தந்தால் 20,000 டாலர் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மேலும், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அதை அமெரிக்க அரசுக்குத் தரும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையில் எப்படியும் தெரிவித்தாக வேண்டும். ஓரிடத்தில் காட்டியதை இன்னோரிடத்தில் மறைப்பது அறிவுடைமை ஆகாது.

காட்டுவதால் ஏற்படும் இழப்பும் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. பெற்றோரின் சொத்து மதிப்பில் அதிகபட்சமாக 5.64 விழுக்காடுதான் எஸ்.ஏ.ஐ. எண்ணில் சேரும். மனையின் மதிப்பு 30,000 டாலர் என்றால், எண் ஏறக்குறைய 1,700 உயரும், அவ்வளவுதான். இதே பணம் மாணவரின் பெயரில் இருந்தால் 20 விழுக்காடு சேரும். ஆகையால் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகை போட்டு வைத்திருக்கும் குடும்பங்கள்தாம் உண்மையில் கவலைப்பட வேண்டும்.

மதிப்பு எழுதும்போது, பத்திரப் பதிவுக்குரிய வழிகாட்டி மதிப்பை எழுதுவதா, சந்தை மதிப்பையா என்று ஒரு கேள்வி எழும். படிவம் கேட்பது, இன்றைய தேதியில் அதன் மதிப்பிலிருந்து அதன் மீதுள்ள கடனைக் கழித்த தொகையை. ஆகவே சந்தை மதிப்பையே எடுத்துக்கொண்டு, அன்றைய மாற்று விகிதத்தில் டாலராக்கி எழுத வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் பங்கு மட்டும்தான் உங்களுடையது; தந்தையின் பெயரிலேயே இன்னும் இருக்கும் நிலம், நாளை உங்களுக்கு வரும் என்றாலும், இன்று உங்கள் சொத்து அன்று. அதேபோல் ஊரில் வசிக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினாலும் அவர்களைக் குடும்ப எண்ணிக்கையில் சேர்க்க இயலாது, ஏனெனில் உங்களோடு வசிப்பவர்களே அந்த எண்ணிக்கையில் வருவார்கள். அவர்களின் மருத்துவத்துக்காகப் பெருந்தொகை அனுப்பியிருந்தால் அதை மறுபரிசீலனைக் கடிதத்தில், மருத்துவமனைப் பற்றுச்சீட்டுகளோடும் வங்கிப் பரிமாற்றச் சான்றுகளோடும் குறிப்பிடலாம். ஏற்பது அலுவலரின் விருப்புரிமை.

தனியார் கல்லூரி, தன் சொந்த நிதியுதவியைக் கணக்கிடப் பயன்படும் தனி விண்ணப்பமான சி.எஸ்.எஸ். புரொஃபைல் கேட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். அது வேறு உலகம். குடியிருக்கும் வீட்டில் உங்களுக்குள்ள பங்குமதிப்பையும் அது கேட்கும். அதை எப்படிக் கணக்கிடுவது என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். சில கல்லூரிகள் வீட்டு மதிப்பை வருமானத்தின் குறிப்பிட்ட மடங்கோடு நிறுத்திக்கொள்கின்றன. அப்படிப்பட்ட கல்லூரியாக இருந்தால், வருமானம் குறைந்ததை அவர்கள் ஏற்றுக்கொண்டவுடன் வீட்டின் சுமையும் சேர்ந்தே குறையும். வீட்டை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்பதில் தவறில்லை. கேட்டால் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

---

காத்திருப்போர்வரிசை

இதே இழையில் ஒரு துணைக் கேள்வி கேட்க அனுமதிக்க வேண்டும். நாங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். மூத்தவன் இந்தியாவில் பிறந்து, எங்களைச் சார்ந்தவன் என்ற முறையில் எச்-4 விசாவில் இருக்கிறான், இளையவள் இங்கே பிறந்தவள். பெற்றோர் குடிமக்கள் அல்லர் என்பதால் இருவருக்குமே ஃபாஃப்சா கிடையாது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா? தவிர, என் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும், சமூகப் பாதுகாப்பு அட்டையில் வேறு வரிசையிலும் இருப்பதால், கணக்குத் தொடங்க முயன்றபோது பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது.

---

ஜன்னலுக்கு_அந்தப்பக்கம்

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதிதான் உண்மை. கூட்டாட்சி நிதியுதவிக்கு மாணவரின் நிலை மட்டுமே பார்க்கப்படுகிறது. பெற்றோரின் குடியேற்ற நிலை தடையாகாது. இங்கே பிறந்த மகள் மற்ற குடிமக்களைப் போலவே விண்ணப்பிக்கலாம். மகன் எச்-4இல் இருக்கும்வரை கூட்டாட்சி மானியமும் கடனும் பெற முடியாது. அவனுக்கான வழி, கல்லூரிகள் தம் சொந்த நிதியிலிருந்து தரும் தகுதி உதவித்தொகைகள்தாம். விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு கல்லூரியிடமும் எச்-4 மாணவரை உள்நாட்டு மாணவராகக் கருதுவார்களா, வெளிநாட்டு மாணவராகவா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். 21 வயது நிறைந்தால் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் நான்காண்டுப் படிப்பைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

மகளின் விஷயத்தில் உங்கள் நிலை குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. பெற்றோர் வாங்கும் பிளஸ் கடன், குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர் போன்ற தகுதியுள்ளோருக்கும் மட்டுமே. எச்-1பி விசாவில் உள்ள பெற்றோர் அதை வாங்க முடியாது. அவ்வாறு வாங்க இயலாத நிலையை அலுவலகத்தில் தெரிவித்தால், மாணவருக்குக் கூட்டாட்சி அரசு தரும் நேரடிக் கடனில் முதலாண்டில் 4,000 டாலர் வரை கூடுதலாகத் தர அலுவலருக்கு இடமுண்டு. இது தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும்.

பெயர்ச் சிக்கல் நம் மக்களுக்கே உரிய தலைவலி. முதலெழுத்தை விரித்து எழுதியது ஓரிடத்தில், தந்தை பெயர் முன்னால் வந்தது ஓரிடத்தில், முதற்பெயரே தெரியாது என்ற பொருளில் ‘எஃப்.என்.யூ.’ என அச்சிட்டது ஓரிடத்தில் என்று ஒரே மனிதருக்குப் பல பெயர்கள் இருக்கும். ஃபாஃப்சாவை நிரப்பும் ஸ்டூடன்ட்எய்ட் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது பெயர், பிறந்த தேதி, எண் ஆகிய மூன்றையும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பதிவோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஆகவே கடவுச்சீட்டைப் பாராமல், சமூகப் பாதுகாப்பு அட்டையில் உள்ள எழுத்தும் வரிசையும் எப்படியோ அப்படியே எழுதுங்கள். மகளின் படிவத்தில் பெற்றோர் விவரத்தை அவள் நிரப்பும்போதும் அதே வரிசையைத்தான் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் அவள் அனுப்பும் அழைப்பு உங்கள் கணக்கோடு பொருந்தாது. நீங்களும் மனைவியும் சேர்ந்தே வரி தாக்கல் செய்திருந்தால் இருவரில் ஒருவர் மட்டும் கணக்குத் தொடங்கி ஒப்புதல் அளித்தால் போதும். ஒப்புதல் அளிக்க மறுத்தால் மட்டும் மகளுக்கு எந்தக் கூட்டாட்சி உதவியும் கிடைக்காது.

---

பற்றுவரவு

மேப்பிள்தெரு அவர்களுக்கு, தனியார் கல்லூரியின் கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றவற்றை நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். “மொத்த உதவி” என்ற தலைப்பின் கீழ் மானியம், வேலைவாய்ப்பு, கடன் மூன்றையும் கூட்டிக் காட்டுவது நெடுநாள் வழக்கம். அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 91 விழுக்காடு கல்லூரிகள் குடும்பம் உண்மையில் செலுத்த வேண்டிய தொகையைக் கடிதத்தில் குறிப்பிடுவதில்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று மதிப்பிட்டது. ஆகவே உங்கள் கடிதம் விதிவிலக்கன்று.

39,000 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். முதலாண்டு மாணவருக்கான நேரடிக் கடனின் உச்சவரம்பு 5,500 டாலர். கடிதத்தில் அந்த எண் இருந்தால் அது நீங்கள் திருப்பிச் செலுத்த வேண்டிய பணம். அதிலும் 3,500 டாலர் வரைதான் படிக்கும் காலத்தில் வட்டியை அரசு ஏற்கும் வகையாக இருக்க முடியும். ‘ஒர்க்-ஸ்டடி’ என்று 2,500 டாலர் போல ஏதாவது எழுதியிருந்தால், அது மகள் வளாகத்தில் வேலை தேடி, மணிக்கணக்கில் உழைத்து, சம்பளமாகப் பெற வேண்டியது. ஆகஸ்டில் வரும் கட்டணச் சீட்டில் அது கழிக்கப்படாது. இவ்விரண்டையும் நீக்கினால் மிஞ்சும் 31,000 மட்டுமே உண்மையான மானியம். மொத்த ஆண்டுச் செலவு 88,000 என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையிலிருந்தோ கடனிலிருந்தோ போக வேண்டியது 57,000. அரசுப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தையும் இதே முறையில் பிரித்து, இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பயணம், புத்தகம், மாணவர் மருத்துவக் காப்பீடு ஆகியவை இரு பக்கமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். பெற்றோரின் காப்பீட்டில் மகள் இருப்பதைக் காட்டினால் காப்பீட்டுக் கட்டணத்தைப் பல கல்லூரிகள் நீக்கிவிடும். நீங்கள் வேலை இழந்திருப்பதால் இந்த இடத்தில் கூடுதல் கவனம் தேவை.

தனியார் கல்லூரியிடம் நீங்கள் கேட்கப் போவது இரண்டு வெவ்வேறு விஷயங்கள். வேலையிழப்பை வைத்துக் கேட்பது ஒன்று. மேலே சொன்ன தாள்களெல்லாம் அதற்கே. மற்றொரு கல்லூரி கூடுதலாகத் தந்ததைக் காட்டி இவர்களையும் கூட்டித் தருமாறு கேட்பது இன்னொன்று. முன்னதை உரிமையோடு கேட்கலாம், பின்னதை வேண்டுகோளாகத்தான் கேட்க முடியும். அதுவும் ஒத்த தரத்துக் கல்லூரிகளுக்கிடையே எடுபடுமே தவிர, மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தைக் காட்டி ஒரு தனியார் கல்லூரியிடம் பேரம் பேசினால் பயனிராது. உங்களுக்கு வேலையிழப்பு என்ற வலுவான காரணம் இருக்கும்போது பேரத்தை அதோடு கலக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இடைவெளியை நிரப்ப 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கைத் தொடலாமா என்ற எண்ணம் வரும். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரிக்கு மேல் 10 விழுக்காடு அபராதமும் உண்டு. அதைவிட, 2026இல் எடுக்கும் பணம் வருமானமாகி 2028-29ஆம் ஆண்டு ஃபாஃப்சாவில் வந்து நிற்கும். மகளின் மூன்றாம் ஆண்டு உதவியை அது குறைக்கும். பிளஸ் கடனைப் பொறுத்தவரை, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தமாக 65,000 டாலர் என்ற வரம்பு வருகிறது. ஆகவே ஆண்டுக்கு 57,000 என்ற எண் பிளஸ் கடனால் நிரம்பாது. மிச்சத்துக்குத் தனியார் கடன்தான் என்றால், அந்தக் கல்லூரி இப்போதைய கடிதத்தின்படி உங்களுக்கு எட்டாதது என்றே நான் கணக்கிடுவேன்.

---

மேப்பிள்தெரு

அனைவருக்கும் நன்றி. வெரிஃபிகேஷன் படிவத்தில் மகளின் கையெழுத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டோம், கடிதத்தையும் ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மறுபரிசீலனையின் முடிவு மே 1க்குள் வராவிட்டால் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்வதா, காத்திருப்பதா? இரண்டு இடங்களிலும் கட்டிவைக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

---

ஜன்னலுக்கு_அந்தப்பக்கம்

இரண்டு இடங்களிலும் கட்டுவது முறையன்று. தெரியவந்தால் கல்லூரிகள் அனுமதியைத் திரும்பப் பெறவும் கூடும். முன்பணமும் பெரும்பாலும் திரும்பி வராது. அதற்குப் பதிலாக, மே 1க்கு முன்பாகவே மகள் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்: நிதியுதவி மறுபரிசீலனை இன்ன தேதியில் சமர்ப்பிக்கப்பட்டு நிலுவையில் இருக்கிறது, முடிவு வரும்வரை பதிலளிக்கும் தேதியை நீட்டித்துத் தர வேண்டும் என்று. நிதியுதவி அலுவலகத்துக்கும் அதன் நகல் போகட்டும். தேதி கடந்த பிறகு கேட்பதைவிட, கடக்கும் முன் கேட்டவர்களுக்கு நீட்டிப்பு கிடைப்பது எளிது. அரசுப் பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுத்து உறுதி செய்துவிட்டாலும் மறுபரிசீலனை நின்றுவிடாது; அந்தக் கல்வியாண்டுக்குள் எப்போது முடிவானாலும் பெல் கிராண்டை மாற்றித் தர அவர்களால் முடியும். அடுத்த ஆண்டும் நிலைமை இப்படியே இருந்தால் கோரிக்கையைப் புதிதாக அனுப்ப வேண்டும், பழைய முடிவு தானாகத் தொடராது.

ஐயா, மகனை மறந்துவிட்டீர்கள். அவன் இப்போது படிக்கும் 2025-26ஆம் ஆண்டின் உதவி 2023 வருமானத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. உங்கள் வேலை போனதோ அந்தக் கல்வியாண்டின் நடுவே. இந்த வசந்தப் பருவம் முடிவதற்குள் அவனுடைய பல்கலைக்கழகத்துக்கும் இதே தாள்களோடு தனிக் கோரிக்கை அனுப்புங்கள், நடப்பாண்டுக்கு ஒன்றும் வரும் ஆண்டுக்கு ஒன்றுமாக.